கருங்கொம்பன் சுமந்த உப்பு

மலைக்கு யாரும் பெயர் வைத்திராத காலம் அது. காலையில் மேகம் வந்து முகட்டில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்காது. அப்போதெல்லாம் ஆடும் குருவியும் அணிலும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தன. பேசின என்றதும் ஏதோ பெரிய ஞானம் பேசின என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கு மழை வருமா, உன் வேலிப் பக்கம் நாலு தழை கடித்துக்கொள்ளட்டுமா என்கிற மாதிரிப் பேச்சுதான்.

அந்த மலையின் கிழக்குச் சரிவில் ஓர் ஊர், மேற்குச் சரிவில் ஓர் ஊர். கிழக்கூரில் சாமை விளைந்தது, பாறை இடுக்குகளில் தேன் கிடைத்தது. மேற்கூர்க்காரர்கள் மலையிறங்கிக் கடற்கரைக்குப் போய் உப்பு கொண்டுவந்து வீடு வீடாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே செங்குத்துப் பாறை. பாறைக்கு மேல் எந்நேரமும் மேகம். ஓர் ஊர்க்காரர் முகத்தை மறு ஊர்க்காரர் பார்த்ததே கிடையாது. பார்க்காதவர்களைப் பற்றிக் கதை கட்டுவதற்கு மட்டும் குறைச்சலே இல்லை. மேற்கூர்க்காரர்களுக்கு வால் உண்டு, உட்காரும்போது சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார்கள் என்று கிழக்கூரில் சொன்னார்கள். கிழக்கூர்க்காரர்கள் தூங்கும்போதும் கண்ணை மூடுவதில்லை என்று மேற்கூரில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் இதைச் சத்தியம் செய்து சொல்ல ஆள் இருந்தார்கள்.

இந்த இரண்டு ஊருக்கும் போக வர இருந்தவை வரையாடுகள் மட்டும்தான். அதிலும் கிடாய்கள். முதுகின் இரண்டு பக்கமும் தொங்குகிற நார்ப்பையைப் போட்டுவிட்டால், மனிதன் கால் வைக்க இடமில்லாத பாறையில் அவை பாட்டுக்கு ஏறிப் போகும். சாமையும் தேனும் மேற்கே போகும், உப்பு கிழக்கே வரும்.

பையில் போட முடியாததும் கூடவே வந்தது. மேற்கூர்த் தாய்மார்கள் பாடும் தாலாட்டைக் கேட்டுக் கேட்டுக் கிடாய்கள் வழியெல்லாம் முனகிக்கொண்டு வரும். அதைப் பிடித்துக்கொண்டு கிழக்கூர்ப் பெண்களும் அர்த்தம் தெரியாமலே பாடினார்கள். அர்த்தம் கேட்டா குழந்தை தூங்குகிறது? தேன் அடைத்து அனுப்பிய மூங்கில் குழாயை மேற்கூர்க்காரர்கள் வீசி எறியாமல், அதில் மாவை நிரப்பி ஆவியில் வேகவைத்தார்கள். அந்த மணத்தைக் கிடாய்கள் வாய் ஊறச் சொல்லப்போக, கிழக்கூரிலும் சாமை மாவில் செய்து பார்த்துவிட்டார்கள். கடலை ஒருநாளும் பார்த்திராத கிழக்கூர்ப் பிள்ளைகள் கனவில் கடலைக் கண்டு, எழுந்து, பாய் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தன. சில நாள் நனைந்தும் இருந்தது. அதற்குக் காரணம் கடல்தானா என்பது வேறு பேச்சு.

கிழக்கூரில் பை கட்டுகிறவள் மசினி. எந்தக் கிடாய்க்கு எவ்வளவு பாரம், எந்தப் பக்கம் எவ்வளவு என்பது அவள் கைக்குத் தெரியும். முடிச்சை ஒற்றைக் கண்ணாக, ஒரே வளையம் வருகிற மாதிரி போடுவாள். மேற்கூரிலிருந்து வரும் பையில் முடிச்சு இரட்டைக் கண்ணாக இருக்கும். அதைப் போடுகிறவள் பெயர் சிருதை என்று கருங்கொம்பன் சொல்லியிருந்தான். கருங்கொம்பன் அந்தக் கூட்டத்திலேயே மூத்த கிடாய். மசினி சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து அவள் வீட்டு வாசலுக்கு வந்து போகிறவன். அவள் அவனைக் கொம்பண்ணா என்பாள், அவன் அவளைத் தங்கச்சி என்பான்.

மசினியும் சிருதையும் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் பதினைந்து வருஷமாக ஒருத்திக்கு இன்னொருத்தி பையின் மூலையில் ஏதாவது செருகி அனுப்பிக்கொண்டிருந்தாள். இவள் ஒரு கொத்துக் காட்டுப்பூ வைத்தால் அவள் ஒரு சோழி வைப்பாள். மசினியின் மகள் கெம்பிக்குக் கல்யாணம் என்று கிடாய் போய்ச் சொன்னபோது, உப்புக்கு நடுவே ஒரு துண்டு மஞ்சள் வந்து சேர்ந்தது. அந்த மஞ்சளைத்தான் உரசிக் கெம்பியின் முகத்தில் பூசினார்கள். கூடப்பிறந்தவள் இல்லாத மசினிக்கு, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறாள் என்ற நினைப்பு இனிப்பாக இருந்தது. வால் இருந்தால்தான் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

அப்படியிருக்கையில் ஒரு வருஷம் கிழக்குப் பக்கம் மழை பொய்த்தது. சாமை கதிர் பிடிக்கும் முன்பே காய்ந்தது. பூ இல்லாததால் தேனீக்கள் கூட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டன. மேற்கூரிலிருந்து கடைசியாக உப்பு வந்த பை மசினி வீட்டு மூங்கில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். போட ஒன்றும் இல்லை.

ஊர் கூடிப் பேசியது. கிழக்கூரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கொடுக்க இல்லாதவர்கள் பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி அனுப்புவார்கள். எங்களிடம் இல்லை, ஒளித்து வைக்கவும் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அதைவிட மரியாதை அவர்களிடம் கிடையாது. வெறும் பைக்குள் நாலு கல்லைப் போட்டு அனுப்புகிறவனைத்தான் அந்த ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

மசினி பையை ஓடையில் அலசினாள். வெயிலில் காயவைத்தாள். உள்ளை வெளியாகத் திருப்பி, நார் பிசிறுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, தன் ஒற்றைக் கண் முடிச்சைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். சிருதை இதைப் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கருங்கொம்பன் முதுகில் போட்டபோது அவன் காதை ஆட்டினான்.

"ரொம்ப லேசா இருக்கே, தங்கச்சி."

"இந்த வருசம் அவ்வளவுதான் கொம்பண்ணா. உள்ளதை உள்ளபடி அனுப்பறேன்."

முதுகில் இருப்பதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வரையாடுகளின் நியாயம். பை கட்டுகிறவள் பாடு, வாங்குகிறவள் பாடு. சுமக்கிறவனுக்கு வழிதான் பாடு. இத்தனை வருஷமும் கருங்கொம்பன் அந்த நியாயத்தைத் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. நேரே பார்த்து நடந்துபோய் மேகத்துக்குள் மறைந்தான்.

நாலாம் நாள் காலையில் திரும்பி வந்தான். முதுகில் பையும் இல்லை, உப்பும் இல்லை. வாசலில் வந்து நின்று மசினியைக் கேட்டான்.

"அந்தப் பையை நீ திருப்பிப் போட்டிருந்தியா, தங்கச்சி?"

"ஆமா. இல்லாதப்ப அப்படித்தானே அனுப்பணும்?"

"இங்க அப்படி. அங்க அப்படியில்லை." கருங்கொம்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். "அங்க ஒருத்தர் செத்துப்போனா, அவர் பையைத் திருப்பி அவர் தலைமாட்டுல வைப்பாங்க. இனி உனக்கும் எங்களுக்கும் கொடுக்கறதும் இல்லை, வாங்கறதும் இல்லைன்னு அதுக்கு அர்த்தம். உயிரோட இருக்கறவங்களுக்கு அதை அனுப்பினா, நீ செத்தவன்னு சொன்ன மாதிரி. ஊரே வாசல்ல நின்னு மாரடிச்சு அழுதது. இனிமேல் கிழக்கூர் ஆள் கையில எதையாவது கொடுத்தா கொடுக்கறவங்க வீட்டுல சாவு விழும்னு சொல்லிட்டாங்க."

மசினி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே அவனைக் கேட்டாள்:

"நீ திரும்பிப் பார்த்திருந்தா சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன். ரெண்டு ஊர் வழக்கமும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். நான் பார்க்கலை. தப்பு உன்மேல பாதி, என்மேல பாதி."

உப்புப் பானையில் அடி தெரிந்தது. பிறகு அடியைச் சுரண்டினார்கள். பிறகு பானையைக் கழுவிய தண்ணீரைக் கஞ்சியில் ஊற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. ஊரில் ஆட்களுக்குக் கால் இழுத்துக்கொண்டது, நாலு அடி வைத்தால் கண் இருட்டியது. கெம்பிக்கு அது நிறை மாதம். அவள் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். எதைக் கொடுத்தாலும் வாய்க்குப் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவச்சி வந்து அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். கை தொப்பென்று விழுந்தது.

மருத்துவச்சி மசினியை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள்: "உப்புப் போட்ட கஞ்சி நாலு வேளை உள்ள போகணும். இல்லேன்னா பிள்ளையைத் தள்ள இவளுக்குத் தெம்பு வராது. அப்புறம் என்னைக் கேக்காதே."

தன் கையால் கட்டிய முடிச்சு, தான் மரியாதை என்று நினைத்துச் செய்த காரியம், அது தன் மகள் உயிரில் வந்து நிற்கிறது. அழுதால் தீருமென்றால் மசினி அழுதிருப்பாள். ஒரு பையை எடுத்து நேர்ப்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் படுத்திருந்த கருங்கொம்பனிடம் வந்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போ."

"ஆள் போற வழி இல்லை அது."

"உன் கால் வச்ச இடத்துல நான் கால் வைக்கறேன்."

ஊரில் நாலு பேர் வந்து தடுத்துப் பார்த்தார்கள். போனவர் திரும்பியதில்லை என்றார்கள். போனவரே யாரும் இல்லையே, பிறகு எப்படித் திரும்புவார்கள் என்று கேட்டுவிட்டு அவள் நடந்தாள்.

பாறையில் ஏறி மேகத்துக்குள் நுழைந்த பிறகு மசினிக்குத் தன் கையே தெரியவில்லை. முன்னால் போகிற கருங்கொம்பனின் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைக்குள் வெள்ளையாக நேரம் போனது. மேலே ஏறுகிறோமா, எங்கேயோ மிதந்து போகிறோமா என்றே தெரியவில்லை. ஈரப் புல் காலைத் தடவியது. ஓரிடத்தில் ஏதோ பூவின் மணம் வந்தது, பூ கண்ணில் படவில்லை. நடந்துகொண்டே தூங்கிவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்போது, எங்கிருந்தோ, தன் மகளைத் தூங்கவைக்கத் தான் பாடிய தாலாட்டு கேட்டது. அதே ராகம், அதே சொல். பாடுகிற குரல் மட்டும் வேறு.

"சிருதை," என்றான் கருங்கொம்பன், மூக்கை உயர்த்தி.

மேகம் கொஞ்சம் விலகியது. முகட்டின் புல்வெளியில் ஒரு பெண், மடியில் பெரிய மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மேற்குப் பக்கம் முகடு வரைக்கும் ஆள் ஏற வழி உண்டு; வரையாடுகளைக் கூப்பிட மேற்கூர்க்காரர்கள் அப்படித்தான் உப்போடு வந்து பாடிக்கொண்டு உட்காருவார்கள். ஒரு ஆடு நக்க ஒரு கை உப்புப் போதும். அவள் கொண்டுவந்திருந்தது ஒரு ஊர் திங்கிற உப்பு.

மசினியைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். மசினியால், என்னதான் கவலை இருந்தாலும், அவள் முதுகுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிருதை இவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இமைக்கிறதா என்று.

சிருதை தன் இடுப்பிலிருந்து அந்தப் பையை எடுத்துக் காட்டி என்னவோ சொன்னாள். கருங்கொம்பன் அதைச் சொன்னான்: "சாவுப் பையை யாரும் கழுவி அனுப்ப மாட்டாங்களாம். இது கழுவியிருக்கு, பிசிறு கிள்ளியிருக்கு. சாபம் விடறவளுக்கு இவ்வளவு பொறுமை இருக்காதுன்னு இவளுக்குத் தோணியிருக்கு. கேட்டுப் போகலாம்னு மூணு நாளா இங்க வந்து உக்காந்திருக்கா."

மசினி சொன்னாள், இல்லாததால்தான் அனுப்பினேன் என்று. கெம்பியைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்துபோனது. கருங்கொம்பன் எடுத்துச் சொல்வதற்கு முன்பே சிருதையின் கண் நிறைந்துவிட்டது. அவளும் பெற்றவள்தான்.

ஆனாலும் அவள் மூட்டையை நீட்டவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உன் கையில கொடுக்க முடியாதாம்," என்றான் கருங்கொம்பன். "உன் பையிலயும் போட முடியாதாம். அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஊருக்கு முன்னாடி நின்னு, கிழக்கூர் ஆள் கையில எதுவும் கொடுக்கலைன்னு அவ சத்தியம் பண்ணியாகணும். நீ சொன்னதை ஊரு நம்பி, தீட்டுக் கழிக்க ஒரு மாசம் ஆகுமாம்."

"ஒரு மாசம் கெம்பி இருக்க மாட்டாளே."

"அதையும் சொல்லிட்டேன்."

இரண்டு பெண்களும் அழுதார்கள். நடுவில் ஒரு முழத் தூரம்தான். மேகம் மறுபடியும் மூடிக்கொண்டு வந்தது. கருங்கொம்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இரண்டு பேருக்கும் நடுவே வந்து முன்னங்காலை மடித்துப் படுத்தான்.

"ஆட்டுக்கு உப்பு வைக்க உங்க ஊர்ல தடை உண்டா, சிருதை?" என்று அவள் பாஷையில் கேட்டான். அதையே மசினிக்கும் சொன்னான்.

சிருதை யோசித்து, இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டுக்கு உப்பு வைப்பதை யாரும் தடுக்க முடியாது.

"அப்ப எனக்கு வை. என் முதுகுல கொட்டு."

மசினி பதறிப்போனாள். வருஷக்கணக்கில் பை உரசி அவன் முதுகெல்லாம் புண் ஆறியும் ஆறாமலும் இருப்பது அவளுக்குத் தெரியும். இடுப்பிலிருந்த பையை உருவினாள். "இதை விரிச்சு அதுல கொட்டச் சொல்லு, கொம்பண்ணா."

"பையில விழுந்தா உனக்குக் கொடுத்ததாயிடும். அவ மூட்டையோட வந்தாலும் அப்படித்தான். என் முதுகுல விழுந்தா எனக்குக் கொடுத்தது. உன் வீட்டு வாசல் வரைக்கும் அது என் உப்பு. என் உப்பை நான் யாருக்குக் கொடுத்தா யாருக்கு என்ன?"

சிருதை மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். மேகத்தின் ஈரம் பட்டு உப்புக் கசிந்து புண்ணுக்குள் இறங்கியது. கருங்கொம்பன் கத்தவில்லை. அவன் தோல் மட்டும் காற்றில் இலை போல நடுங்கியது. முதுகு ஆடினால் உப்புச் சிந்திவிடும் என்று, அந்த நடுக்கத்தையும் அடக்கிக்கொண்டு மெல்ல எழுந்தான்.

புல் வழியே போனால் ஈரத்தில் உப்பெல்லாம் கரைந்துவிடும். அவன் காய்ந்த பாறை வழியாக இறங்கினான். குரங்கும் இறங்க யோசிக்கிற பாறை அது. அவன் தலையை நேரே வைத்து, முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குளம்பாக ஊன்றி இறங்கினான். மசினி வந்த வழியிலேயே தவழ்ந்தும் சறுக்கியும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பெண்கள் அவன் முதுகிலிருந்து உப்பை இலையால் வழித்துக்கொண்டிருந்தார்கள். உப்போடு ரோமமும் வந்தது, அதற்குக் கீழே தோலும் வந்தது.

கெம்பி அன்று மூன்று வேளை கஞ்சி குடித்தாள். மறுநாள் ஒரு வேளை குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். உச்சிப்பொழுதில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குச் சிருதை என்று பெயர் வைத்தார்கள். கிழக்கூரில் அப்படி ஒரு பெயர் அதற்கு முன்னால் கிடையாது.

மசினி கருங்கொம்பனின் முதுகுக்குப் பச்சிலை அரைத்துப் போட்டாள். புண் ஆறியது. உதிர்ந்த இடத்தில் ரோமமும் முளைத்தது, ஆனால் வெள்ளையாக முளைத்தது. முதுகின் நடுவே உப்பைப் பரப்பிய மாதிரி அது அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த முதுகில் ஒரு இலை விழுந்தாலும் அவனுக்குத் தாங்கவில்லை.

"நான் கிளம்பறேன், தங்கச்சி," என்றான் ஒரு காலையில்.

"சுமக்க வேண்டாம். சும்மா இங்கேயே இரு."

"சுமக்காம உன் வாசல்ல படுத்திருக்க எனக்கு வராது. பாறைக்கே போறேன்."

"அப்ப ரெண்டு ஊருக்கும் நடுவுல யார் பேசுவாங்க?"

"நீயும் அவளும் பேசுங்க. எத்தனை நாளைக்கு என் வாயாலேயே பேசுவீங்க?"

மசினிக்கு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. முதுகில் கை பட்டால் வலிக்குமே என்று கொம்பை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதாள். மகளைக் காப்பாற்றிக் கொடுத்தவனை வாசலிலிருந்து அனுப்புவது அவளுக்கு ஆகவில்லை. ஆனாலும் அனுப்பினாள்.

மாதம் முடிந்து தீட்டுக் கழிந்ததும், மசினி போட்டுக் காட்டிய வழியில் கிழக்கூர்க்காரர்கள் முகட்டுக்கு ஏறினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சிருதை தன் ஆட்களைக் கூட்டி வந்தாள். இவர்கள் அவர்கள் முதுகையும் அவர்கள் இவர்கள் கண்ணையும் எட்டிப் பார்த்துக்கொண்ட பிறகு, சிரித்துவிட்டு, புல்லில் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்தார்கள். முதல் நாள் அவர்களுக்குப் பொதுவாக இருந்த சொற்கள் உப்பு, தேன், சாமை, பிறகு ஒரு தாலாட்டு. வருஷம் திரும்புவதற்குள் சண்டை போடுகிற அளவுக்குச் சொற்கள் சேர்ந்துவிட்டன. பையைத் திருப்புவதை இரண்டு ஊரும் விட்டுவிட்டன. கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பையில் ஒரு பூவாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

மனிதர்கள் தங்களுக்குள் பேசிப் பழகப் பழக, வரையாடுகளிடம் கேட்க எதுவும் இல்லாமல் போனது. கேட்பார் இல்லாத பேச்சு எத்தனை நாள் நிற்கும்? முகட்டுக்குப் போகும்போதெல்லாம் மசினி பாறையைப் பார்த்துக் கொம்பண்ணா என்று கூப்பிடுவாள். முதலில் பதில் வந்தது. பிறகு ஒரு செருமல் வந்தது. பிறகு அவன் வந்து நின்று பார்த்துவிட்டு மட்டும் போனான். அவள் நாலு கை உப்பைப் பாறைமேல் வைத்துவிட்டு வருவாள். யார் கையில் கொடுத்தாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

கருங்கொம்பன் தன் கூட்டத்துக் குட்டிகளுக்கு அந்த வெள்ளையைக் கொடுக்கவில்லை. மேடும் பள்ளமும் சுற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறங்கிப் பார்த்து, வயது ஏறிய பிறகு வரட்டும் என்று விட்டுப்போனான். அன்றிலிருந்துதான் வரையாட்டுக் கிடாய்க்கு இளமையில் இல்லாத வெள்ளை முதுமையில் முதுகில் இறங்குகிறது. மனிதரைக் கண்டால் அது உடனே ஓடாமல், ஏதோ சொல்ல வந்ததைப் போல ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாறைக்கு ஏறிப் போகிறது.